எலும்பு வளரும் வரை

நேபாளத்தில் அப்போது வாரத்துக்கு ஒரு நாள்தான் விடுமுறை, அதுவும் சனிக்கிழமை. 2015 ஏப்ரல் 25 சனிக்கிழமையாக அமைந்தது. நமக்குச் சித்திரை 12. அவர்களுக்கும் பைசாக் 12, புத்தாண்டு பிறந்து பன்னிரண்டாம் நாள். பகல் 11 மணி 56 நிமிடத்துக்குப் பூமி ஆடத் தொடங்கியது. ஆடி ஓய்ந்தபோது அரசுப் பள்ளிகளில் மட்டும் 25,000-க்கும் அதிகமான வகுப்பறைகள் தரைமட்டமாகியிருந்தன. வகுப்புக்கு முப்பது பிள்ளைகள் என்று வைத்துப் பெருக்கிப் பார்க்க மனம் வரவில்லை. வகுப்பறைகள் காலியாக இருந்தன, அவ்வளவுதான்.

அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன் காஷ்மீர் பூகம்பம் வந்ததும் ஒரு சனிக்கிழமையில்தான், 2005 அக்டோபர் 8. ஆனால் பாகிஸ்தானில் சனிக்கிழமை பள்ளி உண்டு. காலை 8.50, முதல் பாடம் நடந்துகொண்டிருந்த நேரம். அன்று பள்ளிக் கட்டடங்களுக்குள் ஏறத்தாழ 17,000 பிள்ளைகள் இறந்தார்கள். இரண்டு பூகம்பங்களும் அளவில் அக்கம்பக்கம்: ஒன்று 7.6, மற்றது 7.8. கட்டடங்களின் தரமும் பெரிதாக வேறுபடவில்லை. பிள்ளைகளைக் காப்பாற்றியது நாட்காட்டி.

அந்த அதிர்ஷ்டத்தை நம்ப முடியாது என்பதை நேபாளமே பிறகு பார்த்தது. 2023 நவம்பர் 3, இரவு 11.47. மேற்கு நேபாளத்தின் ஜாஜர்கோட், ருகும் மேற்கு ஆகிய மலை மாவட்டங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் அளவையில் இந்த நடுக்கம் 5.7, நேபாள அரசின் கணக்கில் 6.4. அமெரிக்க அளவையையே இரண்டுக்கும் வைத்துக்கொண்டால், 2015-இல் வெளிப்பட்ட ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் நடுநிசி, எல்லாரும் வீட்டுக்குள், போர்வைக்குள். 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் சிறுவர் சிறுமியர். வேலைக்காக இந்தியாவுக்குப் போயிருந்த பல தகப்பன்மார்களுக்குச் செய்தி தொலைபேசியில்தான் வந்து சேர்ந்தது.

இவ்வளவு சிறிய நடுக்கம் இத்தனை பேரைக் கொன்றது எப்படி, அவ்வளவு பெரிய நடுக்கம் காத்மாண்டு நகரத்தை ஓரளவு விட்டுவைத்தது எப்படி? இரண்டுக்கும் விடை, ஆடியது எவ்வளவு என்பதைவிட எந்தத் தாளத்தில் ஆடியது என்பதில் இருக்கிறது.

இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து ஆசியாவின் அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. அந்த நகர்வில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சென்டிமீட்டரை இமயமலை வாங்கிக்கொள்கிறது. கைவிரல் நகம் வளரும் வேகத்தில் ஏறத்தாழப் பாதி. மலைக்கு அடியில் சாய்வாகக் கிடக்கும் பெரும்பிளவு உராய்வினால் இறுகிப் பூட்டிக்கிடப்பதால் இந்த 2 சென்டிமீட்டர் நழுவிப் போவதில்லை, பாறை வளைந்து வளைந்து சேர்த்துவைக்கிறது. 2015-இல் கோர்க்கா மாவட்டத்தில் பார்பாக் அருகே அந்தப் பூட்டு விட்டது. விட்ட இடத்திலிருந்து கிழக்கே 150 கிலோமீட்டர், நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு நிமிடத்துக்குள் கிழிந்துகொண்டே போனது. காத்மாண்டு நகரமே தரையோடு தரையாக ஒரு மீட்டருக்கு மேல் தெற்கே தள்ளிப்போய், ஏறத்தாழ ஒரு மீட்டர் உயர்ந்தும் நின்றது.

காத்மாண்டு பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் ஏரி. பழங்கதையும் அதையே சொல்கிறது, நிலவியலும் அதையே சொல்கிறது. நடுப்பகுதியில் 500 மீட்டர் ஆழத்துக்கு ஏரி வண்டல். ஊஞ்சலை அதன் போக்குக்கு ஒத்து உந்தினால்தான் உயரமாகப் போகும், தாளம் தப்பித் தள்ளினால் நின்றுவிடும். இந்த வண்டல் படுகையின் தாளம் ஒரு முறை போய்வர 4 முதல் 5 நொடி. இரண்டு மாடி வீட்டின் தாளமோ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. பிளவு அன்று ஒப்பீட்டளவில் வழவழப்பாக நழுவியதால் வேகமான குலுக்கல் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. மெதுவான பெரிய ஆட்டம் அதிகம். அதனால் குட்டை வீடுகள் பல தப்பின. 1934 பூகம்பத்தில் உடைந்து மீண்டும் கட்டப்பட்டிருந்த, ஒன்பது தள உயரத் தரஹரா கோபுரம் சாய்ந்தது. கிழிந்த பிளவுக்கு நேர் மேலே இருந்த மலைக் கிராமங்களுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. அங்கே வேகமான குலுக்கலும் சேர்ந்தே வந்தது. நாடு முழுவதும் இறந்த ஏறத்தாழ 9,000 பேரில் பெரும்பங்கும், இடிந்த ஏறத்தாழ 5 லட்சம் வீடுகளில் பெரும்பங்கும் கிராமங்களைச் சேர்ந்தவை.

ஜாஜர்கோட்டிலும் அதே கதைதான். சிறிய பூகம்பத்தில் மெதுவான ஆட்டம் இருக்காது, வேகமான குலுக்கல் உண்டு. மையமும் ஆழமில்லை, வீடுகளுக்கு அருகிலேயே இருந்தது. குட்டையான கல்வீட்டின் தாளத்துக்கு அது நேராகப் பொருந்தியது.

அந்தக் கல்வீட்டுச் சுவரைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் அரை மீட்டர் கனத்தில் யானை மோதினாலும் அசையாது போலிருக்கும். உண்மையில் அது ஒரு சுவர் கிடையாது. வெளிப்பக்கம் ஒரு கல்வரிசை, உள்பக்கம் ஒரு கல்வரிசை, இடையில் சல்லிக்கல்லும் மண்ணும் போட்டு நிரப்பியது. சாந்து என்பது சேறுதான். காய்ந்தால் கல்லைப் பிடித்துவைக்கும் வலு அதற்கு இல்லை. நடுக்கம் வந்ததும் நடுவில் உள்ள சல்லி கீழ்நோக்கி இறங்கும், இறங்கும்போது இரண்டு வரிசையையும் பக்கவாட்டில் பிதுக்கும். வெளிவரிசை தெருவில் விழும், உள்வரிசை படுத்திருப்பவர் மேல் விழும். மேற்கு நேபாளத்தில் பல வீடுகளுக்குக் கூரையும் மண் பரப்பிய தட்டைக் கூரை; அந்தக் கனம் முழுதும் கடைசியாக வந்து இறங்கும். கல் நசுக்காதவர்களை மண்ணும் தூசியும் மூச்சுமுட்ட வைக்கும். குழந்தையின் மூச்சுக்குழல் குறுகலானது, மார்புக்கூடு மெத்தென்றிருக்கும். மேலே கிடக்கும் மண்ணைத் தள்ளி மூச்சிழுக்கும் வலு அதற்குக் கிடையாது.

இதற்கு மாற்று புதிய கண்டுபிடிப்பு எதுவுமில்லை. சுவரின் முழு அகலத்துக்கும் குறுக்கே ஓடும் நீளக் கற்களை இடையிடையே வைத்து இரு வரிசையையும் கோப்பது. ஜன்னல் அடிமட்டத்தில், லிண்டல் மட்டத்தில், கூரை மட்டத்தில் மரத்தாலோ கான்கிரீட்டாலோ வீட்டைச் சுற்றிப் பட்டை போடுவது. கொத்தனாருக்கு இதைக் கற்றுக்கொடுக்க நாள்கள் போதும், ஆண்டுகள் வேண்டாம். 1993-இல் தொடங்கப்பட்ட நேபாள நிலநடுக்கத் தொழில்நுட்பத் தேசியச் சங்கம் இதை ஊர் ஊராகக் காட்டியது. தள்ளி ஆட்டக்கூடிய ஒரு மேடை. அதன்மேல் இடுப்பளவு உயரத்தில் இரண்டு பொம்மைக் கல்வீடுகள். வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருக்கும். ஒன்றில் மட்டும் பட்டையும் குறுக்குக் கல்லும் உண்டு. மேடையை ஆட்டுவார்கள். ஒரு வீடு குவியலாகும், மற்றது விரிசலோடு நிற்கும். பார்த்துக்கொண்டிருக்கும் கொத்தனாருக்கு அதற்குப் பிறகு விரிவுரை தேவைப்படுவதில்லை.

இந்தச் சங்கம் பள்ளிகளில்தான் முதலில் கைவைத்தது. பக்தபூர் அருகே நாங்கேல் கிராமத்தில் ஒரு சாதாரணப் பள்ளியை 1990-களின் கடைசியில் ஊர்க் கொத்தனார்களை வைத்தே வலுப்படுத்தினார்கள். கம்பிவலை, சிமென்ட் பூச்சு, பட்டை. இடித்துக் கட்டுவதைவிட வெகு குறைவான செலவு. 2015-க்குள் ஏறத்தாழ 300 பள்ளிக் கட்டடங்கள் இப்படி வலுப்படுத்தப்பட்டிருந்தன. அந்தச் சனிக்கிழமையில் அவற்றில் ஒன்றும் இடிந்து விழவில்லை. பல கட்டடங்கள் மறுநாளே ஊருக்குத் தங்குமிடமாயின. குழந்தைகளுக்கான மருத்துவ உதவி என்று பட்டியல் போட்டால் நான் முதலில் எழுதுவது இந்தக் கம்பிவலையைத்தான். டாக்டர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

2015-க்குப் பிறகு வீடு கட்ட அரசு 3 லட்சம் நேபாள ரூபாயைத் தவணைகளில் கொடுத்தது. அஸ்திவாரத்தையும் பட்டையையும் பொறியாளர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அடுத்த தவணை. நல்ல ஏற்பாடு, ஆனால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுக்கு மட்டும். ஜாஜர்கோட் அந்தப் பட்டியலில் இல்லை. இடிந்த இடத்தில் கற்ற பாடம் இடியாத இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. இத்தனைக்கும் மேற்கு நேபாளத்தில் கடைசியாகப் பெரும்பூகம்பம் வந்தது 1505-இல் என்று நிலவியலாளர்கள் கருதுகிறார்கள். ஆண்டுக்கு 2 சென்டிமீட்டர் வீதம் ஐந்நூறு ஆண்டுகள் என்றால் 10 மீட்டர் நகர்வு இன்னும் பாறைக்குள் இறுகிக் கிடக்கிறது. 2023 நடுக்கம் அதில் ஒரு துளியைத்தான் கழித்தது.

சுவர் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் சில மணி நேரம் வெளியூர்க்காரருக்கு உரியதில்லை. 2015-இல் எழுபதுக்கும் மேற்பட்ட மீட்பு அணிகள் பல நாடுகளிலிருந்து மோப்ப நாய்களோடும் கருவிகளோடும் நேபாளம் வந்தன. அவை எல்லாம் சேர்ந்து உயிரோடு எடுத்தவர்கள் 16 பேர். ஆயிரக்கணக்கானவர்களை அண்டைவீட்டார் வெறும் கையாலும் மண்வெட்டியாலும் அதற்கு முன்பே எடுத்திருந்தார்கள். காத்மாண்டுக்கு இருப்பது ஒரே ஓடுபாதை. அதுவும் விரிசல்விட்டதால் ஒரு வாரத்தில் கனரக விமானங்களுக்குத் தடை போட வேண்டியதாயிற்று.

அந்த முதல் மணி நேரங்களில் நடக்கும் ஒரு வேதியியலை மீட்பவர் அறிந்திருந்தால் நல்லது. கால்மேல் உத்திரம் கிடக்கிறது. குழந்தை பேசுகிறது, தண்ணீர் கேட்கிறது. உத்திரத்தைத் தூக்கிய சிறிது நேரத்தில் இறந்துபோகிறது. 1941-இல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளுக்குள் சிக்கி மீண்டவர்களைப் பார்த்த எரிக் பைவாட்டர்ஸும் டெஸ்மண்ட் பீலும் இதைத் தெளிவாக விவரித்தார்கள். நசுங்கிய தசையின் செல்கள் உடைந்து உள்ளே இருந்த பொட்டாசியமும் மயோகுளோபினும் வெளியே கசிந்து நிற்கும். எடை அழுத்தும் வரை அவை அங்கேயே தேங்கியிருக்கும். எடை விலகியதும் ரத்தம் பாய்ந்து அவற்றை அள்ளிக்கொண்டு வரும். பொட்டாசியம் இதயத்தின் தாளத்தைக் குலைக்கும், மயோகுளோபின் சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கும். மருந்து எளியது: உத்திரத்தைத் தூக்குவதற்கு முன்பே உப்புநீர் டிரிப்ஸ் ஏற்றத் தொடங்குவது. குழந்தைக்கு முதலில் மணிக்கு எடையில் கிலோவுக்கு 15 முதல் 20 மில்லிலிட்டர், அதிலும் பொட்டாசியம் கலந்த திரவம் ஆகாது. ஒரு பாட்டிலும் ஊசியும் ஊரில் இருந்து, போடத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும். மூன்றாம் நாள் வந்திறங்கும் நிபுணரால் அந்த வேலையைச் செய்ய முடியாது. டயாலிசிஸ் வேண்டுமானால் செய்யலாம்.

வந்திறங்குபவரைக் குறை சொல்வது சுலபம். நல்ல மனசோடுதான் வருகிறார்கள், பலர் சொந்தச் செலவில். ஆனால் 2010 ஜனவரி 12-இல் ஹெய்ட்டி நாட்டைப் பூகம்பம் தாக்கியபோது நல்ல மனசு மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்பது தெரிந்தது. நூற்றுக்கணக்கான குழுக்கள், யாருக்கு என்ன தகுதி என்று கேட்க ஆளில்லை. எத்தனை கைகால்கள் துண்டிக்கப்பட்டன என்பதற்கே 2,000 முதல் 4,000 வரை மதிப்பீடுகள்தான் உண்டு, பதிவேடு இல்லை. அந்த அனுபவத்துக்குப் பிறகு 2013-இல் உலக சுகாதார நிறுவனம் வெளிநாட்டு மருத்துவ அணிகளுக்கு வகை பிரித்தது. புறநோயாளிகளை மட்டும் பார்க்கும் அணி இரண்டு வாரமாவது தங்க வேண்டும். அறுவைசிகிச்சை செய்யும் அணி மூன்று வாரமாவது தங்க வேண்டும், 20 படுக்கை வேண்டும், நாளொன்றுக்கு ஏழு பெரிய அறுவைசிகிச்சை செய்யும் வலு வேண்டும். நேபாளத்துக்கு வந்த நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள் இந்த வகைப்பாட்டின்படிதான் பதிவு செய்யப்பட்டன. பெரிய முன்னேற்றம்.

இருந்தாலும் மூன்று வாரம் என்பது பெரியவர்களின் கணக்கு. குழந்தையின் எலும்புக்கு அது பொருந்தாது.

நீண்ட எலும்பின் இரு முனைகளுக்கும் அருகில் குருத்தெலும்பால் ஆன மெல்லிய தகடு ஒன்று உண்டு, வளர்ச்சித் தட்டு. அங்கேதான் எலும்பு நீள்கிறது. பெண் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 14, 15 வயதிலும் ஆண் பிள்ளைகளுக்கு 16, 17 வயதிலும் அது கெட்டிப்பட்டு மூடிக்கொள்ளும். அதுவரை எலும்பு வேலை நடந்துகொண்டேயிருக்கும் இடம். இதில் நன்மையும் உண்டு. ஆறு வயதுப் பிள்ளையின் தொடை எலும்பு முறிந்து, கொஞ்சம் முன்பின்னாக வளைந்து ஒட்டினாலும், வளர வளர அது தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளும். பெரியவருக்குத் தகடும் திருகும் வைத்தே தீர வேண்டிய முறிவை, குழந்தைக்கு இழுத்துக் கட்டி மாவுக்கட்டுப் போட்டுவிட்டுப் பொறுத்திருக்கலாம். ஆனால் எலும்பு தன் அச்சில் முறுக்கிக்கொண்டு ஒட்டினால் அந்தத் திருத்தம் நடக்காது. பிள்ளைகளின் எலும்பு சில வாரங்களிலேயே ஒட்டிவிடும் என்பதால், மலைப்பாதை அடைபட்டு ஒரு மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்கு வரும் குழந்தையின் கால் கோணலாகவே கெட்டிப்பட்டிருக்கும். வளர்ச்சித் தட்டே நசுங்கியிருந்தாலோ, அன்று எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. இரண்டு ஆண்டு கழித்து ஒரு கால் குட்டையாக இருப்பதைத் தாய்தான் கண்டுபிடிப்பாள்.

காலை எடுக்க நேர்ந்தால் விஷயம் இன்னும் சிக்கல். தொடை எலும்பின் வளர்ச்சியில் ஏறத்தாழ 70 சதவீதம் முழங்கால் பக்கத் தட்டில் நடக்கிறது. ஐந்து வயதில் முழங்காலுக்கு மேலே வெட்டினால் அந்தத் தட்டும் போய்விடும். வெட்டிய அன்று போதுமான நீளமாகத் தெரிந்த மிச்சக்கால், வாலிபத்தில் செயற்கைக்கால் மாட்டப் பிடிமானம் இல்லாத குட்டைத் துண்டாகி நிற்கும். முழங்காலுக்குக் கீழே எலும்பின் நடுவில் வெட்டினால் வேறொரு தொல்லை: வெட்டிய முனை தோலைவிட வேகமாக வளர்ந்து, கூராகி, தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். மீண்டும் அறுவை, சில ஆண்டுகளில் மீண்டும். அதனால்தான் குழந்தை எலும்பு அறிந்த சர்ஜன், முடிந்தவரை எலும்பை அறுக்காமல் மூட்டிலேயே பிரித்து எடுப்பார்; மூட்டின் குருத்தெலும்பு முனையில் இந்த அதிவளர்ச்சி வருவதில்லை, தட்டும் தப்பும். போர்க்களத்தில் பெரியவர்களுக்குப் பார்த்துப் பழகிய கைக்கு இது இயல்பாக வராது. செயற்கைக்காலும் அப்படித்தான்: வளரும் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒரு முறையாவது அளவு மாற்ற வேண்டும், சில சமயம் ஆறு மாதத்திலேயே.

மூன்று வாரம் தங்கும் அணி இதில் எதையும் பார்க்கப் போவதில்லை. பார்க்க ஆள் அங்கேயே இருக்க வேண்டும்.

நேபாளத்தில் அப்படிப்பட்ட ஆள்கள் உண்டு, நினைப்பதைவிட அதிகமாக. 1988-இல் அரசு ஒரு திட்டம் தொடங்கியது: ஒவ்வொரு வார்டிலும் தாய்மார்கள் கூடித் தங்களில் ஒருத்தியைச் சுகாதாரத் தன்னார்வலராகத் தேர்ந்தெடுப்பது. இன்று ஏறத்தாழ 50,000 பெண்கள். சம்பளம் கிடையாது, ஆண்டுக்கு ஒரு முறை உடைப்படி, பயிற்சிக்குப் போனால் படி. ஆரம்பத்தில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் பதிவேட்டைப் படங்களாக அச்சிட்டுக் கொடுத்தார்கள்.

பைசாக், கார்த்திக் மாதங்களில் வைட்டமின் ஏ கொடுப்பது இவர்கள் வேலை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, காப்ஸ்யூலின் முனையைக் கத்தரிக்கோலால் நறுக்கி, உள்ளிருக்கும் எண்ணெய்ச் சொட்டை வாயில் பிழிந்துவிடுவார்கள். அற்பமாகத் தெரியும். தராய் சமவெளியில் சர்லாஹி மாவட்டத்தில் நடந்து 1991-இல் வெளியான ஆய்வில் இந்தச் சொட்டு குழந்தை இறப்பை 30 சதவீதம் குறைத்தது. வைட்டமின் ஏ போதாத உடலில் மூச்சுக்குழல், குடல் ஆகியவற்றின் உள்தோல் வறண்டு கிருமிக்கு வழிவிடுகிறது. தட்டம்மை வந்தால் அந்தக் குறை உயிரை எடுக்கிறது. பூகம்பத்துக்குப் பின் தார்ப்பாய்க் கொட்டகையில் நான்கு குடும்பம் நெருங்கிக் கிடக்கும்போது முதலில் பயப்பட வேண்டியது தட்டம்மைக்குத்தான். தடுப்பூசி போடாதவர்கள் நடுவே ஒரு குழந்தையிடமிருந்து 12 முதல் 18 பேருக்குப் பரவக்கூடிய நோய் அது. 2015-இல் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் 5 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட இலக்கு வைத்தபோது, எந்தக் கொட்டகையில் எந்த வீட்டுப் பிள்ளை இருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவர்கள் இந்தப் பெண்கள். இவர்களில் பலரின் வீடும் இடிந்துதான் கிடந்தது.

அடுத்த பயம் நிமோனியா. ஜாஜர்கோட்டில் பூகம்பம் நவம்பரில் வந்தது, குளிர்காலம் உடனே தொடர்ந்தது. கொட்டகைகளில் குளிர் தாங்காமல் இறந்தவர்கள் பற்றிய செய்திகள் வரத் தொடங்கின. தன்னார்வலரிடம் இருந்த கருவி ஒரு நிமிடம் ஓடி ஒலியெழுப்பும் சின்ன டைமர். அழாத நேரமாக, பால் குடிக்காத நேரமாகப் பார்த்துக் குழந்தையைத் தாய்மடியில் வைத்து, சட்டையைத் தூக்கி, மார்பு ஏறி இறங்குவதை எண்ணுவார். இரண்டு மாதத்துக்கு மேல் ஒரு வயதுக்குள் என்றால் நிமிடத்துக்கு 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. எட்டினால் நிமோனியா என்று கொள்ள வேண்டும். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழிந்தால் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஸ்டெதாஸ்கோப் இல்லை, எக்ஸ்ரே இல்லை. ஜாஜர்கோட்டுக்கு வடக்கே உள்ள ஜும்லா மாவட்டத்தில் உள்ளூர் ஆள்களுக்கே இந்த எண்ணிக்கையையும் மருந்தையும் கற்றுக்கொடுத்துப் பார்த்ததில் ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு 28 சதவீதம் குறைந்தது. அதுவும் 1991-இல் வெளியான ஆய்வுதான்.

இவர்களுக்கு ஒழுங்கான ஊதியம் வேண்டாமா என்ற வாதம் நேபாளத்தில் நெடுநாளாக நடக்கிறது. சேவை என்று பெயர் வைத்து ஏழைப் பெண்களின் உழைப்பை மலிவாக வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. வெளிநாட்டு அணி ஒன்று வந்துபோகும் விமானச் செலவை இவர்களின் ஆண்டுப் படியோடு ஒப்பிட்டால் கணக்கு யாருக்கும் விளங்கும்.

எலும்புக்கும் இப்படி ஓரிடம் உண்டு. காத்மாண்டுக்குக் கிழக்கே பனேபாவில் ஊனமுற்ற குழந்தைகளுக்கான மருத்துவமனை ஒன்று இருக்கிறது. எலும்பு சர்ஜன் அசோக் பான்ஸ்கோட்டா 1985-இல் தொடங்கிய பணி அது. பெரும்பாலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். பிறவியிலேயே உள்வளைந்த பாதம், தீக்காயத்தில் இறுகிய கை, தவறாக ஒட்டிய முறிவு. அறுவைசிகிச்சை, மாவுக்கட்டு, செயற்கை உறுப்புப் பட்டறை, பிசியோதெரபி எல்லாம் ஒரே வளாகத்தில். முக்கியமானது, அவர்கள் மலை மாவட்டங்களுக்கே போய் முகாம் போட்டுப் பழைய நோயாளிகளை மீண்டும் மீண்டும் பார்ப்பது. பேருந்துக்கு இரண்டு நாள் ஆகும் ஊரிலிருந்து ஒரு தாய் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கூலி வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கி வருவாள் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாது.

2015-இல் ஐந்து வயதில் ஒரு காலை இழந்த சிறுமிக்கு இதற்குள் பத்துத் தடவையாவது செயற்கைக்கால் மாற்றியிருக்க வேண்டும். அவளுடைய வளர்ச்சித் தட்டுகள் இப்போதுதான் மூடும் வயதில் இருக்கின்றன. 2023-இல் ஜாஜர்கோட்டில் நான்கு வயதில் காலை இழந்த பையனுக்கு அந்த வயது வர 2035 ஆகும். அதுவரை ஆண்டுக்கு ஒரு முறை அவனுடைய மிச்சக்காலை அளந்து பார்க்க ஒருவர் வேண்டும்.